விக்கிரமங்கலத்துக்கு மூன்று உறை

துறைமங்கலத்தில் மெயின் ரோட்டை ஒட்டி நிற்கும் உறைப் பட்டறை நான் கட்டியது. அதன் பின்னால் உள்ள மாடி வீடு நான் கட்டியது. வீட்டுக்குப் பின்னால், தண்ணீரே வராது என்று மூன்று பேர் தேங்காய் வைத்துப் பார்த்துச் சொன்ன பாறையில், அறுபது அடிக்கு இறங்கி நிற்கும் கிணறு நான் வெட்டியது. நம் சபையின் காம்பவுண்டுச் சுவரில் வடக்குப் பக்கம் முழுக்க என் செலவு, என் கை. மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன், இரண்டு பேர் நர்ஸ், ஒருத்தி டீச்சர். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். என் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு பண்ணை வீட்டுடையது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று என்னிடம் வந்து, "ஐயா, நாலடி உறை எட்டு வேணும்" என்று நின்றுகொண்டு கேட்கிறார்கள். நான் உட்காரச் சொல்லித்தான் பேசுவேன். அதுவும் நான் கற்றுக்கொண்டது.

உறை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றிலும் கழிவறைக் குழியிலும் மண் சரியாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குவோமே, சிமெண்ட் வளையம், அதுதான். பெரம்பலூர் ஜில்லாவில் ஈசாக்கு உறை என்று கேட்டால் பட்டறைக்கு வழி சொல்வார்கள்.

இந்தப் பயணம் அந்த உறையை வைத்து வந்தது. சபை இதழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

விக்கிரமங்கலத்தில் என் அக்காள் பாக்கியம் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள், எனக்கு மாமா. வயது எழுபத்தெட்டு. வயிற்றில் கட்டி. திருச்சியில் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பது உறுதி இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அக்காள் இயேசுவை ஏற்றுக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா ஒரு நாளும் தடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அவளைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்குவார், ஆராதனை முடியும் வரை வெளியே சைக்கிளின் மேலேயே உட்கார்ந்திருப்பார், கூட்டிக்கொண்டு போவார். வாசலைத் தாண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் ஞானஸ்நானம் எடுத்துவிட வேண்டும், நாற்பது வருஷமாகக் கேட்டது அது ஒன்றுதான் என்று அக்காள் போனில் அழுதாள். மாமாவும் பக்கத்தில் இருந்து, "சரி, பாப்பம்" என்றிருக்கிறார். அவர் வாயில் அவ்வளவு வந்ததே பெரிசு.

அந்த ஊர்ச் சபையார் ஞானஸ்நானம் என்றால் கொள்ளிடத்துக்குத்தான் போவார்கள். கரையிலிருந்து மணலில் இறங்கி, தண்ணீர் ஓடுகிற இடம் வரை நடக்க வேண்டும். மாமாவால் வாசலிலிருந்து தெருவுக்கு வர முடியவில்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தார்களாம். "யாரும் தூக்க வேணாம். ஆத்தை வூட்டுக்குக் கொண்டாரேன்" என்று நான் சொன்னேன். ஐந்தடி அகலம், ஓரடி உயரம், மூன்று உறை; ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஆள் முழுகுகிற தொட்டி. அடியில் ஒரு வட்டச் சிமெண்ட் பலகை. இதற்கென்றே புதிதாக வார்த்து, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி, பெரம்பலூர்.

வாடகைக்குப் பிடித்தது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. டிரைவர் முருகேசன், பாடாலூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். போக மட்டும் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பேசினோம். மூவாயிரம் கேட்டார். உறையை ஏற்றி இறக்க ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு இருநூறு குறைத்தார். நாலு பேரை வைத்துக்கொண்டு பலகையில் உருட்டி ஏற்றினோம். எங்கே தாங்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொன்னது நான். கயிறு கட்டியதும் நான்தான். டிரைவர்கள் கட்டும் கட்டு எனக்குப் பிடிக்காது.

நாலு ரோட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் முருகேசன் கேட்டார்.

"ஏன் பெரியவரே, அந்தப் பக்கம் உறை செய்ய ஆளே இல்லியா? இம்மாந்தூரம் தூக்கிட்டுப் போறீங்க?"

"செய்யறாங்க. இது கெணத்துக்கு இல்ல. ஒரு ஆளை முக்கி எடுக்க."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "ஆளையா?"

"எங்க மாமாவை. ஞானஸ்நானம்."

"அதானே பாத்தேன். போலீசுக்குப் பதில் சொல்ற வேலையோன்னு பயந்துட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "அப்ப முக்கி எடுத்துட்டா, செஞ்ச பாவமெல்லாம் போயிடுமா?" என்றார்.

"தண்ணியில போவாது. ஆண்டவரு சிலுவையில சிந்துன ரத்தத்துல போவுது. தண்ணி அதுக்கு அடையாளம்."

"அப்ப உறை?"

"உறை தண்ணி நிக்கறதுக்குய்யா. ரோட்டைப் பாத்து ஓட்டு."

கவுல்பாளையம் தாண்டி, பேரளி வரை இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும். கரிசல் மண். இந்த மண் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும், உறை இறக்குகிறவனுக்கு இதைப்போலச் சோதனை கிடையாது. ரோட்டோரம் எந்தெந்த வயலில் என் உறை இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவது கிணற்றைக் காட்டியபோது முருகேசன் பாட்டுப் போட்டுவிட்டார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். பாரம் இருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அரியலூரை நெருங்க நெருங்க மரத்து இலையெல்லாம் வெள்ளையாகிவிடும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் தூசி. நமக்கு ரயில் கிடையாது, அரியலூருக்கு உண்டு. அதைச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். நிமிர்த்தட்டும். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததாம். கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கும். நானே ஜல்லியில் பார்த்திருக்கிறேன். டீச்சராக இருக்கும் என் மகள் அதைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து ரூபாய். வண்டியைச் சுற்றி வந்து பார்த்த ஒரு லாரி டிரைவர், "உறை வழவழன்னு இருக்கே, எந்தப் பட்டறை?" என்றார். சொன்னேன். "நம்பர் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஆண்டவர் வேலைக்குப் போகிற வழியிலும் தொழில் வருகிறது, நான் என்ன செய்ய.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் ரோட்டில் கிழக்கே போய், வி.கைகாட்டியில் தெற்கே திரும்ப வேண்டும். அந்த முக்கு வரை ரோடு நல்ல ரோடு. திரும்பிய பிறகு ஒரு வேகத்தடையை முருகேசன் கவனிக்கவில்லை. பின்னால் டக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் மேல் உறையின் விளிம்பில் உள்ளங்கை அளவு பெயர்ந்திருந்தது.

"போச்சா பெரியவரே?"

"மூஞ்சில காயம். உசுருக்கு ஒண்ணுமில்ல. பூசிட்டாத் தெரியாது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அங்கிருந்து விக்கிரமங்கலம் வரை பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை.

காலை ஒன்பது மணி, விக்கிரமங்கலம்.

மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன பொங்கலுக்குப் பார்த்தபோது இருந்த உடம்பில் பாதிதான் இருந்தது. குரல் மட்டும் அப்படியே.

"வா மாப்ள. என்னா இது, கக்கூஸ் குழிக்கா?"

"ஒனக்குத்தான் மாமா."

"எனக்கா? டாக்டரே செவ்வாக்கெழம வரைக்கும் டயம் குடுத்திருக்காரு, நீ அதுக்குள்ள குழியோட வந்துட்டியே."

முருகேசனே சிரித்துவிட்டார். அக்காள் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் மாமா இன்னும் மனதை முடிவு செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சபைப் பிள்ளைகள் வந்து கைகொடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓரடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, சமப்படுத்தி, பலகையைப் போட்டு, அதன் மேல் மூன்று உறையையும் ஏற்றினோம். இணைப்பை நான் யாரையும் தொட விடவில்லை. நீர் கசியாத பவுடர் கலந்து, உள்ளே இறங்கி உட்கார்ந்து, என் கையால் பூசினேன். எழுபத்தொரு வயதில் ஐந்தடி உறைக்குள் இறங்கி வேலை செய்து தானாக ஏறி வரும் ஆள் இந்த இரண்டு ஜில்லாவிலும் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெயர்ந்த விளிம்பையும் பூசினேன். முருகேசன் போகும்போது அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பேசிய வாடகையில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஞானஸ்நானம் என்று ஏற்பாடு. சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு அந்த ஊர்ப் போதகர் வந்தார். சின்ன வயது, நாகர்கோவில் பக்கத்து ஆள், நல்ல பிள்ளை. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாமா நாற்காலியில். போதகர் வேத புத்தகத்தைத் திறக்கும் முன்னால் மாமா அக்காளைப் பார்த்து, "அந்தக் கவரை எடு" என்றார். அக்காள் எடுக்க மாட்டேன் என்பதுபோல நின்றாள். "எடுன்னா" என்றார். ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. அதை மாமா போதகர் கையில் கொடுத்தார். உள்ளே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு.

"என்னங்கய்யா இது?" என்றார் போதகர்.

"நீங்கதான தம்பி மூணு வாரமா சொல்லிட்டிருக்கீங்க, ரட்சிப்பின் திட்டம், ரட்சிப்பின் திட்டம்னு. திட்டம்னா இதெல்லாம் வேணும்ல. எனக்கு வயசு எழுவத்தெட்டு. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. பேரும் மாத்தணுமா? மாத்துனா பேங்குல மாத்தணும், ஆதாருல மாத்தணும், செவ்வாக்கெழமைக்குள்ள நடக்காது."

போதகர் சிரிக்காமல் இருந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. "பேரு மாத்த வேணாம்யா. கலியபெருமாளாவே ஆண்டவருக்கு ஒங்களைத் தெரியும். பேப்பர் ஒண்ணும் வேணாம்" என்றார்.

மாமா நம்பவில்லை. அவர் பட்டது அப்படி. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டார், மகன் வேலையில் இருக்கிறான் என்று வரவில்லை. தொகுப்பு வீட்டுக்குப் போட்டார், ஓட்டு வீடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று வரவில்லை. நகைக் கடன் தள்ளுபடி வந்தபோது இவர் நகை மட்டும் அளவுக்கு மேல் ஒரு பவுன் கூடிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. சட்டப்படி ஒவ்வொன்றிலும் இவர் ஒரு விரல் அளவு வெளியே நிற்பார். எந்தத் திட்டத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. ஊரில் யாராவது புதுத் திட்டம் என்று சொன்னால், "என்னைத் தவிர மத்தவங்களுக்கா?" என்று கேட்பது அவர் வழக்கம்.

போதகர் மெதுவாக விளக்கினார். இது ஆண்டவர் உலகத் தோற்றத்துக்கு முன்னாலேயே யோசித்து வைத்தது, மனிதன் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாததால் தம் குமாரனை அனுப்பினார், விசுவாசித்தால் போதும், விலை அவர் கொடுத்துவிட்டார் என்று. மாமா தலையை ஆட்டிக் கேட்டார். அக்காள் முகம் தெளிந்தது. போதகர் ஜெபிக்க எழுந்தார். ஜெபமும் நன்றாகத்தான் போயிற்று. நடுவில், நாம் எல்லோரும் எப்போதும் சொல்கிற மாதிரி, "ஆண்டவரே, நாங்கள் தகுதியற்றவர்கள்" என்றார்.

ஆமென் சொல்லி முடித்ததும் மாமா, "நாளைக்கு வேணாம் தம்பி" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"தகுதியில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஆபீசு ஆபீசா கேட்ட வார்த்தைதான். இங்கயும் அதான். நான் ஒண்ணும் வருத்தப்படல. பழக்கம்."

போதகருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, நான் அந்த அர்த்தத்துல..." என்று தொடங்கி எங்கெங்கோ போனார். இந்தச் சமயத்தில் பேச வேண்டியது நான் என்று எனக்குத் தோன்றியது. அனுபவப்பட்டவன் அல்லவா.

"மாமா, என்னையப் பாரு. எனக்கு என்னா தகுதி இருந்துச்சு? மூணாவது படிச்சவன். வெறுங்கையில வந்தேன். ராப்பகலா ஒழைச்சேன். பட்டறை போட்டேன், பாறையில கெணறு வெட்டினேன், மூணு புள்ளைங்களையும் படிக்க வெச்சேன். ஆண்டவரு கூட நின்னாரு."

"அதான் மாப்ள நானும் சொல்றேன்" என்றார் மாமா. "நீ ஒழைச்ச, ஒனக்குக் குடுத்தாரு. நான் என்னா பண்ணேன்? இருந்த ஒண்ணரை ஏக்கரா ஒண்ணரை ஏக்கராவாவே கெடக்கு. அவர்கிட்ட காட்ட எங்கிட்ட ஒரு சுவரு கூடக் கெடையாது. கோயில் வாசல்ல சைக்கிள் மேல ஒக்காந்திருந்ததத் தவிர நான் ஒண்ணும் பண்ணல."

நான் சொன்னது சரிதான். ஆனால் கதவைத் திறக்கப் போய் தாழ்ப்பாளைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மாமா எழுந்திருக்கக் கையூன்றினார். செவ்வாய்க்கிழமை இந்த மனுஷன் எங்கே போகிறோம் என்று தெரியாமல் மயக்க மருந்துக்குள் போகப்போகிறார்.

அப்போது அக்காள், "ஒக்காரு" என்றாள். மாமாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"இவனா ஒழைச்சான்? இவன் ஒழைச்சது அப்பறம். பனங்காட்டுக் கெணத்துல மண்ணு சரிஞ்சு இவன் மாரு வரைக்கும் பொதைஞ்சு கெடந்தானே, அன்னிக்கு எவ்வளவு ஒழைச்சான்னு கேளு."

எனக்கு அப்போது முப்பது வயது. விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே ஒரு வயலில் கிணறு வெட்டப் போயிருந்தேன். ஆற்றுப் பக்கம் என்பதால் மணல் கலந்த மண். இருபத்தைந்து அடியில் நான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் அப்படியே வந்து விழுந்தது. இரண்டு கையும் உள்ளே மாட்டிக்கொண்டது. மூச்சு விடலாம், தலையை ஆட்டலாம், அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் ஒரு வேலையும் செய்யாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

"கைய ஆட்டினானா?" என்றாள் அக்காள்.

"எங்கேருந்து ஆட்டுவான்" என்றார் மாமா. "மாமா, மாமான்னான். அதான் பண்ணான்."

"மேல நிக்கற மண்ணும் சரியும், எறங்காதன்னு ஊரே சொல்லுச்சு. நீ கேட்டியா?"

"கேட்டா இவன் இருப்பானா? கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கினேன். மம்பட்டி போட்டா இவன் மேல படும்னு கையாலயே வாரினேன். நெகமெல்லாம் போச்சு. பொழுது சாயறப்பதான் காலு வெளிய வந்துச்சு."

"எறங்கறதுக்கு முன்னாடி இவன்கிட்ட ரேஷன் கார்டு கேட்டியா?"

போதகர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மாமா அக்காளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேக்கல."

"தகுதியிருக்கான்னு பாத்தியா?"

"இவனுக்கா? அப்ப இவன் எங்கிட்ட சண்டை போட்டுட்டு மூணு மாசமா பேசவே இல்ல."

"அப்பறம் எதுக்கு எறங்கின?"

"எதுக்குன்னா? நம்ம வூட்டுப் புள்ள" என்றார்.

போதகர் தாழ்ந்த குரலில், "அவரும் அப்படித்தான்யா எறங்கினாரு" என்றார்.

மாமா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பிறகு மாமா போதகரிடம், "தகுதியில்லன்னு சொன்னீங்களே, அது தள்ளறதுக்குச் சொல்றது இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. பொதைஞ்சு கெடக்கறோம்னு சொல்றது."

"அத அப்படியே சொல்லியிருக்கலாமே தம்பி. எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு." பிளாஸ்டிக் கவரைத் திரும்ப வாங்கி அக்காளிடம் கொடுத்தார். "வெள்ள வேட்டிய எடுத்து வெய்யி. காலையில சுருக்க எழுப்பு."

ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டி நிரப்பியது.

மோட்டார் தண்ணீரை ஆறு மணிக்கே திறந்துவிட்டோம். மாமாவுக்குக் குளிர் ஆகாது என்பதால் இரண்டு அண்டாவில் வெந்நீர் போட்டுக் கலந்தோம். எட்டரை மணிக்குச் சபை மொத்தமும் வீட்டைச் சுற்றி நின்றது, ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தார் மாடியிலிருந்து பார்த்தார்கள். அவர்களும் மாமாவுக்கு நாள்பட்ட சிநேகிதர்கள்தான். ஒருவர் மேலேயிருந்து, "கலியபெருமாளு, வழுக்கிடப் போவுது, பாத்து" என்றார்.

உறைக்குள் நான் ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருந்தேன், அவர் உட்கார. நானும் ஒரு சபை மூப்பரும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். போதகர் உள்ளே நின்றார். நீங்கள் இயேசுவை உங்கள் இரட்சகராக நம்புகிறீர்களா என்று கேட்டதற்கு மாமா, "நம்பறேன். கூப்பிடத்தான் தெரியும், மத்ததை அவரு பாத்துக்கட்டும்" என்றார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் போதகர் அவரைப் பின்னால் சாய்த்து முழுக்கி எடுத்தார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அக்காள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தை வழித்துவிட்டு மாமா சொன்ன முதல் வார்த்தை எனக்கு.

"மாப்ள, ஒரு சொட்டு கசியல."

இதற்கு மேல் ஒரு உறைக்காரனுக்கு என்ன வேண்டும்.

பத்து மணி ஆராதனைக்கு மாமாவை ஆட்டோவில் கூட்டிப்போனோம். கோயில் வாசலில் ஆட்டோ நின்றதும் அவர் பழக்கத்தில் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு உள்ளயும் வரணும்" என்று அக்காள் கையை நீட்டினாள். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். போதகர் அன்றைக்கு அந்தக் கிணற்றுக் கதையையே பிரசங்கம் செய்தார். நன்றாகவே சொன்னார். ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒரு மனிதன் கிணற்றில் புதைந்து கிடந்தான்" என்று ஆரம்பித்து, "அந்த மனிதன் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதவனாய்" என்று போய், "அந்த மனிதன் வெளியே வந்தான்" என்று முடித்தார். ஒரு மனிதன், அந்த மனிதன், அவ்வளவுதான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் பஸ் ஏறினேன். அரியலூரில் இறங்கி, பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சிமெண்ட் லாரிகள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடிக்கொண்டிருந்தன. பேரளி தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன். அந்தக் கிணற்றிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உறை செய்யும் யோசனையே எனக்கு வந்தது. மண் சரியாமல் இருக்க வழி தேடித்தான் முதல் அச்சுப் பலகையைச் செய்தேன். பட்டறை, மாடி, பெண்களின் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. மண்ணுக்குள் கிடந்தபோது, ஆண்டவர் என்று ஒருவர் இருந்தால் என்னை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டார் என்று திட்டினேன். நாற்பது வருஷம் கழித்து ஒரு மனுஷனுக்கு ஒரு வார்த்தை விளங்க வேண்டும் என்பதற்காகப் போட்டிருக்கிறார். எந்த உறையை எந்த ஆழத்தில் இறக்க வேண்டும் என்று வேலைக்காரனுக்குத் தெரியும், உறைக்குத் தெரியாது. நம்பிக் கிடக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மாமாவைத் திருச்சியில் உள்ளே கொண்டுபோகும்போது நான் இருந்தேன். அவர் பயப்படவில்லை. மயக்கம் தெளிந்து வந்துவிட்டார். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. வரட்டும்.

இப்போது இதழ் ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. விக்கிரமங்கலம் போதகரும் இந்தக் கிணற்றுச் சாட்சியை எழுதி அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதிலும், "ஒரு மனிதன்" என்றுதான் இருக்கிறதாம். ஆராதனை முடிந்த அன்றைக்கே அவரிடம், "யாருன்னு சொல்லலையே தம்பி" என்று கேட்டேன். "யாரா இருந்தா என்னங்கய்யா, மகிமை ஆண்டவருக்குத்தானே" என்றார். ஆண்டவருக்குத்தான். அதில் நான் பங்கு கேட்கவில்லை. தொட்டி செய்ததற்கும் பெயர் வேண்டாம், அது கூலிக்குச் செய்கிற வேலை, எவனும் செய்வான். சுவர் கட்டியதைப் போடாவிட்டாலும் போகட்டும். ஆனால் மீட்கப்பட ஒரு ஆள் வேண்டியிருந்ததல்லவா? உச்சி வெயிலிலிருந்து பொழுது சாயும் வரை மாரளவு மண்ணில், கையை ஆட்ட முடியாமல், கூப்பிட்டுக்கொண்டே கிடந்தது வேறு எவனும் இல்லை. மீட்டவர் பெயரை முதலில் போடுங்கள், பெரிய எழுத்தில். அடுத்தது மாமா பெயர். அடுத்தது அக்காள் பெயர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி, இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்: குழியில் கிடந்தவன், துறைமங்கலம் ஈசாக்கு.